சுவாசாசயக் கிருமிகளின் சாட்சியம்

மனிதனுடைய வாயிலும் குடலிலும் எண்ணற்ற கிருமிகள் குடியிருந்த போதிலும், ஆரோக்கியமான சுவாசாசயத்தில் மட்டும் யாதொரு கிருமியும் கிடையாது என்றே வைத்திய நூல்கள் நெடுங்காலமாகப் போதித்து வந்தன. அங்கே கிருமி தென்பட்டால் அது க்ஷயம், நிமோனியா முதலிய வியாதிகளின் அடையாளமென்றே கொள்ளப்பட்டது. 2010-ம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இக்கொள்கையைத் தகர்த்தனர். வளர்ப்புத் தட்டில் முளையாத கிருமிகளையும் அவற்றின் டி.என்.ஏ.யைக் கொண்டு அறியும் முறையை அவர்கள் கையாண்டனர். மூச்சுக்குழாயின் உட்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 2,000 கிருமிகளுக்குரிய டி.என்.ஏ. இருப்பதாகக் கண்டு வெளியிட்டனர். உமிழ்நீருடன் கிருமிகள் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகின்றன. இருமலும், குழாய்ச் சுவரிலுள்ள நுண்ணிய ரோமங்களும் அவற்றை வெளியேற்றுகின்றன. இவ்வரவுக்கும் செலவுக்கும் உள்ள சமநிலை குலையும்போதே தீங்கு நேரிடுகிறது.

இது வைத்தியர்களுக்கு மட்டுமே உரிய விஷயமன்று. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 18 லட்சம் பேர் சுவாசாசயப் புற்றுநோய்க்கு இரையாயினர். நோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படுவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். புகை பிடிப்போரை ஸ்கேன் செய்து பார்த்தால் இந்நோயால் நேரும் மரணம் 100-க்கு 20 வீதம் குறையுமென்று 2011-ல் அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டது. ஆயினும் அப்பரீக்ஷையில் சந்தேகத்துக்கு இடமாகத் தோன்றியவற்றில் 100-க்கு 96 புற்றுநோயல்ல என்பதும் தெரிய வந்தது. க்ஷயரோகம் மலிந்த நமது நாட்டிலோ, புற்றுநோயின் நிழலைக் க்ஷயத்தின் நிழலென்று மயங்கி மருந்து கொடுத்து, விலை மதிப்பற்ற மாதங்களை வீணாக்குவதும் உண்டு. ஆகவே, ஸ்கேனுக்குத் துணை நிற்கும் வேறொரு சாட்சி கிடைக்குமா என்று உலகம் தேடுவதில் வியப்பில்லை.

அத்தகைய சாட்சியாகக் கிருமிகளை நிறுத்தலாமோ என்பதே இப்போதைய கேள்வி. 83 புற்றுநோயாளிகளைப் பரிசோதித்து 2021-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத் தக்கது. நோய் முற்றியவர்களுடைய சுவாசக் குழாய்களில் வாய்க்கிருமிகள் மிகுந்திருந்தன. அவற்றுள் வெயில்லோனெல்லா என்னும் இனத்தைச் சுண்டெலிகளின் சுவாசாசயத்தில் செலுத்தியபோது கட்டி பெருகி, ஆயுளும் குறைந்தது. எனினும், மனிதரிடத்தில் கிருமி முந்தியதா, கட்டி முந்தியதா என்பது இதனால் தீர்ந்துவிடவில்லை.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இரத்தத்திலும் கட்டிகளிலும் உள்ள கிருமிகளின் டி.என்.ஏ.யைக் கொண்டு பலவகைப் புற்றுநோய்களைப் பிரித்தறியலாம் என்று 2020-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. 2023-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கை மறுபடியும் சோதித்தார்கள். மனிதனுடைய டி.என்.ஏ.யே பல இடங்களில் கிருமியின் டி.என்.ஏ.யாகப் பதியப்பட்டிருந்தது! 2024-ல் அக்கட்டுரை வாபஸ் பெறப்பட்டது. சுவாசாசயத்திலோ கிருமிகள் மிகச் சொற்பம். பரிசோதனைக் குழாய் வாய் வழியே செல்லும்போது ஒட்டும் கிருமியும், பரிசோதனைச் சாலையின் ரஸாயனங்களில் கலந்துள்ள கிருமியும் உண்மையை மறைத்துவிடக் கூடும்.

ஆராய்ச்சி நடக்கட்டும், அதற்குச் சர்க்கார் தாராளமாகப் பொருளுதவி செய்யட்டும். ஆனால், ஆராய்ச்சிசாலையில் முடிவுபெறாத பரீக்ஷையை விளம்பரத்தைக் கண்டு பொதுஜனங்கள் விலைக்கு வாங்குதல் தகாது. புகையிலையை ஒழிப்பதே இன்று நம் கையிலுள்ள சிறந்த பாதுகாப்பு. சளியில் க்ஷயக் கிருமி காணப்படாமலிருந்தும், மருந்துக்கு இருமல் கட்டுப்படாமலிருந்தும், 'க்ஷயம்' என்ற பெயரோடு ஒரு நோயாளி மாதக்கணக்கில் காத்திருப்பது கூடாது. மேற்கொண்டு பரிசோதிக்குமாறு கேட்பது அவனுடைய உரிமை. பரிசோதிப்பது வைத்தியரின் கடமை.