ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா? தூத்துக்குடி கார்காரர்கள் கவனிக்க!

மே மாத மதியம், மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது, பானெட் இடுக்கில் ஆவி வருகிறது. பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. ‘தண்ணிதானே, எது ஊத்தினா என்ன’ என்று பக்கத்து மோட்டாரில் பிடித்து ஊற்றுவது. முதலாவது கையையும் முகத்தையும் வேக வைக்கும். இரண்டாவது இன்ஜினை மெதுவாகக் கொல்லும்.

உப்புத் தண்ணீர் என்ன செய்யும்?

தமிழகத்தில் உப்பு அதிகம் விளையும் மாவட்டம் தூத்துக்குடி. கடலோரத்தில் போர் போட்டால் பல இடங்களில் சவர் தண்ணீர்தான் வரும். இன்றைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம். உப்பில் உள்ள குளோரைடு அதை அரித்து ஓட்டை போடும். கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் படிந்து, மெல்லிய குழாய்களை அடைக்கும். வெந்நீர் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரிலும் தாதுக்கள் உண்டு. அதனால் டிஸ்டில்டு வாட்டரே சரி.

கூலன்ட் எதற்கு?

எத்திலீன் கிளைக்காலும் துருத் தடுப்பான்களும் சேர்ந்த திரவம் இது. தண்ணீருடன் சரிபாதி கலந்தால் சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் அந்த அளவு 120-ஐத் தாண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது ஆவியாகச் சீறும். ஆபத்து அங்கேதான்.

எப்படி மாற்றுவது?

* இன்ஜின் முழுக்க ஆறட்டும். மூடியைத் திறந்து, கீழே உள்ள வடிகாலில் பழையதைப் பாத்திரத்தில் பிடியுங்கள். இனிப்புச் சுவை உள்ள நஞ்சு இது. நாய், குழந்தைகள் பக்கம் வைக்க வேண்டாம்.
* டிஸ்டில்டு வாட்டரால் அலசி வடித்து, வடிகாலை மூடுங்கள்.
* கார் கையேடு சொல்லும் கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வேறு வகையைக் கலக்காதீர்கள்.
* மூடி போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி, மட்டம் இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள். காற்று தங்கினால் புது கூலன்ட் இருந்தும் இன்ஜின் சூடேறும்.
* ஆறிய பிறகு, ரிசர்வ் டேங்கில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு இடையே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழியில் நின்றுவிட்டால்?

ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். வேறு வழி இல்லையென்றால் பாட்டில் குடிநீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். பிறகு அலசி, கூலன்ட் நிரப்புவது கட்டாயம். மட்டம் அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

எலெக்ட்ரிக் காருக்கு?

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. இன்றைய மின்கார்கள் பலவற்றிலும் பேட்டரியைக் குளிர்விக்க கூலன்ட் ஓடுகிறது. அதைத் தொடுவது மட்டும் சர்வீஸ் சென்டர் வேலை.