வழுக்கும் கல்லைப் படித்தவர்

ஆற்றில் இறங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் கிடக்கும் கல் எப்படி வழுக்கும் என்று. பழுப்பும் பொன்னிறமும் கலந்த மெல்லிய படலம் அதன்மேல் படிந்திருக்கும். பாசி என்று சொல்லிவிட்டுப் பார்த்துக் கால் வைப்போம். அதைக் கொஞ்சம் வழித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், படகு போல, ஊசி போல, விசிறி போல நூற்றுக்கணக்கான கண்ணாடி உருவங்கள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் வரிவரியாய் நுண்துளைகள். இவைதான் டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள். நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து, டப்பாவும் மூடியும் போலப் பொருந்தும் இரண்டு ஓடுகளைக் கட்டிக்கொண்டு உள்ளே குடியிருப்பவை. உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவை தருவது.

இந்தப் படலத்தைப் படித்து ஓர் ஆற்றின் உடல்நிலையைச் சொல்ல முடியும் என்று காட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் ரூத் பேட்ரிக். 1907இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் பிறந்தார். அப்பா வக்கீல், வங்கித் தொழிலிலும் இருந்தவர். மனசு மட்டும் காட்டிலும் ஓடையிலும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள்களைக் கூட்டிக்கொண்டு போவார். கோலின் நுனியில் கட்டிய தகரக் குவளையால் ஓடையின் பாசியை வழித்தெடுத்து, வீட்டுக்கு வந்ததும் நுண்ணோக்கியில் காட்டுவார். ஏழு வயதில் ரூத்துக்குச் சொந்தமாகவே ஒரு நுண்ணோக்கி கிடைத்துவிட்டது.

1934இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் அகாடமியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், சம்பளம் இல்லாமல். ஊதியப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 1945இல். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைய அறிவியல் உலகம் கூச்சமின்றி நினைத்தது. அந்த ஆண்டுகளில்தான் டயாட்டங்களை இனம் பிரித்து அறியும் கண் அவருக்கு அசாத்தியமாகக் கூர்மைப்பட்டது.

அந்தக் காலத்தில் ஆற்றைச் சோதிப்பதென்றால் பெரும்பாலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான். அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பிடித்த நேரத்தில் என்ன ஓடியதோ அதை மட்டும்தான் பாட்டில் சொல்லும். ராத்திரி ஓர் ஆலை கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் அடைத்துவிட்டால், காலையில் பிடிக்கும் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். கல்லில் ஒட்டி வாழும் பாசிக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. வந்ததையெல்லாம் தாங்கினால் இருக்கும், இல்லாவிட்டால் சாகும்.

உயிர்களைப் பார்த்து நீரை எடைபோடும் யோசனை ரூத்துக்கு முன்பே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர், இன்ன உயிர் இருந்தால் இன்ன அளவு அசுத்தம் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். ரூத்துக்கு ஓர் உயிரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடுவதில் திருப்தி இல்லை. ஊரையே விசாரிக்க வேண்டும் என்றார்.

1948இல் அதற்கு வாய்ப்பு வந்தது. அவருடைய பேச்சைக் கேட்ட ஓர் எண்ணெய் நிறுவன அதிகாரியின் முயற்சியால் பணம் கிடைத்தது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் ஓடும் கோனெஸ்டோகா ஆற்றையும் அதன் ஓடைகளையும் தேர்ந்தெடுத்தார். ஓரிடத்தில் ஊர்ச் சாக்கடை கலக்கும், ஓரிடத்தில் ஆலைக் கழிவு, இடையிடையே கெடாத நீர். ஒரே வடிநிலத்துக்குள் நோயாளிகளும் இருந்தார்கள், ஆரோக்கியமானவர்களும் இருந்தார்கள். பாசி, பூச்சி, நத்தை, மீன், பாக்டீரியா, நீரின் வேதியியல் என்று ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தவர்களைச் சேர்த்து ஒரு குழுவாக ஆற்றுக்குள் இறக்கினார். ஒரே இடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது அன்றைக்குப் புதுசு.

கிடைத்த விடை எளிமையானது, ஆனால் கண்ணை ஏமாற்றக்கூடியது. கெட்ட ஆற்றில் உயிர் குறைந்துதான் இருக்கும் என்பதில்லை. பல நேரம் கூடுதலாகவே இருக்கும். சாக்கடையின் சத்தைத் தின்று பாசி திரைதிரையாய் வளரும். ஆனால் வளர்வது இரண்டு மூன்று இனம்தான். தரிசு முழுக்கப் பார்த்தீனியம் மட்டும் மண்டிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி. நல்ல ஆற்றில் இனங்கள் பல இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை எண்ணிக்கையில் கொஞ்சமாகவே இருக்கும். அந்தக் கொஞ்சப் பேரைத்தான் ரூத் தேடினார். மாசு வந்தால் முதலில் காணாமல் போகிறவர்கள் அவர்கள். 1949இல் வெளியான ஆய்வறிக்கையில், ஆற்றின் ஒவ்வொரு பகுதியையும் இந்தக் கணக்கை வைத்தே நலம், அரை நலம், மாசு, கடும் மாசு என்று வகைப்படுத்தியிருந்தார்.

கல்லுக்குக் கல் அளவும் சொரசொரப்பும் வேறுபடுமே, ஒப்பிடுவது எப்படி? அதற்காக 1950களின் தொடக்கத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கருவி செய்தார்கள். மிதக்கும் சட்டத்தில் நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளைச் செருகி ஆற்றில் விட்டுவிடுவது, அவ்வளவுதான். டயாட்டங்கள் தாமாக வந்து ஒட்டும். ஓரிரு வாரம் கழித்து எடுத்து, அமிலத்தில் கழுவினால் உயிர்ப்பகுதி கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டும், ஆயிரக்கணக்கில். அரிய இனத்தைத் தேடுகிறவர் நூறோடு நிறுத்த முடியாது.

1951இல் தென் கரோலினா, ஜார்ஜியா எல்லையில் ஓடும் சவானா ஆற்றங்கரையில், அமெரிக்க அரசுக்காக அணு ஆயுதப் பொருள் தயாரிக்கும் ஆலையை டூபான்ட் நிறுவனம் கட்டத் தொடங்கியிருந்தது. ஆலை இயங்கத் தொடங்கும் முன்பே ரூத்தின் குழு அந்த ஆற்றைக் கணக்கெடுத்துவிட்டது. அவருடைய பணி வாழ்வில் எதைப் பெரிதாகச் சொல்வீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கெட்ட பிறகு வந்து அளப்பவரிடம், முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சவானாவில் பதில் இருந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அகாடமியின் ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள்.

1975இல் அதே டூபான்ட்டின் இயக்குநர் குழுவில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். ஆலைக்காரர்களோடு அவர் இவ்வளவு நெருங்கியிருக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கழிவு புறப்படும் இடத்திலேயே பேச வேண்டும் என்பது அவர் வழி. அரசோடும் அப்படித்தான். நீர் மாசு குறித்து அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு ஆலோசனை சொன்னார். 1972இல் வந்த தூய நீர்ச் சட்டத்தின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. நீரின் வேதியியல் நலத்தோடு உயிரியல் நலத்தையும் காக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லியே பேசுகிறது.

தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். 2013 செப்டம்பரில், 105ஆம் வயதில் காலமானார். அவர் எண்ணிய டயாட்டங்களின் சிலிக்கா ஓடு மக்காது. உட்டாவின் பெரிய உப்பு ஏரியடி மண்ணில் புதைந்திருந்த ஓடுகளைப் பார்த்து, அது ஒரு காலத்தில் நன்னீர் ஏரியாக இருந்தது என்று சொன்னவரும் அவர்தான். ஃபிலடெல்ஃபியா அகாடமியின் அலமாரிகளில் இன்று லட்சக்கணக்கான டயாட்டம் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய சில்லு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அந்த ஆற்றின் கல்லில் அந்த ஆண்டு யார் யார் குடியிருந்தார்கள் என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கலாம்.