சாமான் பட்டியலுக்குள் ஒரு பேய்க்கதை

மேஜை நாற்காலி விற்கும் பெருங்கடையொன்றின் விலைப்பட்டியல் என்றெண்ணி எவரும் கையிலெடுத்துவிடக்கூடிய தோற்றத்தோடு, ஏறக்குறையச் சதுர வடிவில், ஆர்டர் பாரமும் கடையின் வரைபடமும் உள்ளடங்க, பிலடெல்பியா நகரத்துக் குவிர்க் புக்ஸ் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹாரர்ஸ்டோர்’ ஒரு பேய் நாவல். எழுதியவர் கிரேடி ஹெண்ட்ரிக்ஸ். பக்கங்களை வடிவமைத்தவர் ஆண்டி ரீட். சித்திரங்கள் மைக்கேல் ரோகல்ஸ்கியுடையவை. மூவரையும் ஒருசேரக் குறிப்பிடுவதே நியாயம்.

ஓஹையோ மாகாணத்தில், ஸ்வீடன் தேசத்து ஐக்கியாவைப் பின்பற்றி அதைவிட மலிவாக விற்பதற்கென்றே ஏற்பட்ட ‘ஆர்ஸ்க்’ என்னும் கற்பனைக் கடையில், காலையில் கதவைத் திறந்தால் சாமான்கள் உடைந்தும் சோபா அசுத்தப்பட்டும் கிடக்க, காரணமறியும் பொருட்டு ஏமி, ரூத் ஆன் என்ற இரு சிப்பந்திகள் உதவி மேனேஜர் பேசிலோடு இரவில் தங்குகிறார்கள். அவ்விடத்தில் 19ஆம் நூற்றாண்டில் சிறைச்சாலை ஒன்று இருந்ததும், ஓயாத உழைப்பினால் மனிதரைத் திருத்திவிடலாமென்று நம்பிய அதன் தலைமை அதிகாரி இன்னும் அதைவிட்டு அகலாததும் அன்றிரவு புலனாகின்றன.

ஒவ்வோர் அத்தியாயத்தின் முகப்பிலும் ஒரு சாமானின் கோட்டுச்சித்திரம், ஸ்காண்டிநேவியச் சாயலில் புனைந்த பெயர், அளவு, கிடைக்கும் வர்ணங்கள், வாங்குவோரை உபசரிக்கும் நாலு வரி ஆகியன உண்டு. முதலில் வருவது ‘புரூக்கா’ என்ற சாதாரண சோபா. இரவு முற்ற முற்ற, சித்திரத்தின் சுத்தமான கோடுகளும் குழைவான விற்பனைப் பேச்சும் சிறிதும் மாறாதிருக்க, சாமான் மட்டும் மாறிக்கொண்டே போய், ‘போடாவெஸ்ட்’ என்னும் நாற்காலிக்கு வரும்போது, அது உட்கார்ந்தவரை அசையவொட்டாமல் பிணித்துவைக்கும் சித்திரவதைக் கருவி என்று நமக்கு உறைக்கிறது. பயங்கரம் கதையின் வர்ணனையில் இருப்பதைக் காட்டிலும் இந்த மாறாத மரியாதையில்தான் அதிகமாக இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய கருவிகளும் சிறையும் வெறும் கற்பனையல்ல. அதே பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் என்ற புகழ்பெற்ற வைத்தியர், சித்தம் கலங்கியவர்களைச் சாந்தப்படுத்துவதற்கென்று, கைகால்களை வாரினால் கட்டித் தலையைப் பெட்டிக்குள் அடைக்கும் நாற்காலியொன்றை 1811ஆம் ஆண்டையொட்டி நல்லெண்ணத்துடனேயே உருவாக்கினார். கைதிகள் படி படியாக ஏறியும் எங்கும் போய்ச்சேராத மிதிசக்கரத்தை 1818இல் இங்கிலாந்தில் அமைத்த வில்லியம் க்யூபிட் ஓர் எஞ்சினீயர். கைதி தான் கவனிக்கப்படுகிறோமா என்றறிய முடியாதபடி எக்காலமும் கண்காணிப்புக்கு உட்பட்டிருக்கும் வட்டச் சிறையைத் திட்டமிட்டவரோ ஜெரமி பெந்தம் என்ற தத்துவஞானி. இடத்தை ஒழுங்காக அமைத்தால் அதில் நடமாடுபவனும் ஒழுங்குபடுவான் என்ற இவர்களுடைய நம்பிக்கையையும், வந்தவரை ஒரே பாதையில் வளைத்து வளைத்து நடத்திச்சென்று வாங்கவைக்கும் நவீனக் கடையின் நம்பிக்கையையும் அருகருகே நிறுத்திக் காட்டியதே ஹெண்ட்ரிக்ஸின் சாமர்த்தியம்.

ஏமியையும் பேசிலையும் தவிர ஏனைய பாத்திரங்கள் அவ்வளவு ஆழமாக அமையவில்லை. பிற்பகுதியில் ஓட்டமும் துரத்தலும் சற்று மிகுதி. ஆயினும் படிக்க விரும்புவோர் அச்சுப் பிரதியையே தேடி வாங்கவேண்டும். அகலமான அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவரும்போதுதான் சாமான்கள் எந்த இடத்தில் மாறத் தொடங்கின என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.