படிக்கட்டுகள் இல்லாத இசை

இயர்ஃபோன் துளை இல்லாத திறன்பேசிக்கு ஓர் இணைப்பான் வாங்குகிறீர்கள். விரல் நீளக் கம்பி. ஒரு முனையில் யுஎஸ்பி-சி, மறுமுனையில் பழைய இயர்ஃபோனைச் செருகுவதற்கான வட்டத் துளை. அக்காவின் திறன்பேசியில் செருகினால் பாட்டு கேட்கிறது. உங்களுடையதில் சத்தமே இல்லை. கடைக்குத் திரும்பிப் போய், பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும் இன்னொன்றை வாங்கி வந்தால், அது இரண்டு திறன்பேசிகளிலும் பாடுகிறது!

முதலில் வாங்கியது பழுதான பொருள் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அதற்குள் வெறும் கம்பி மட்டுமே இருந்தது. இரண்டாவதற்குள் ஒரு குட்டிச் சில்லு இருந்தது. அதன் பெயர் மின்னிலக்க-அனலாக் மாற்றி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'டேக்' என்பார்கள்.

திறன்பேசிக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. இயர்ஃபோனுக்கு எண் புரியாது. அதன் மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்க, ஏறி இறங்கும் மின்னழுத்தம் வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது டேக்கின் வேலை. அக்காவின் திறன்பேசி, தனக்குள் இருக்கும் டேக்கிலிருந்து வரும் மின்னலையை யுஎஸ்பி துளை வழியாகவே வெளியே அனுப்பக்கூடியது. அதற்குக் கம்பி போதும். உங்களுடையது அந்தத் துளை வழியாக எண்களை மட்டுமே அனுப்பும். எனவே மாற்றும் வேலையை இணைப்பானே செய்தாக வேண்டும்.

வீட்டு மேசையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வைக்கப்படும் உள்ளங்கை அளவு டேக் பெட்டிகள் செய்வதும் இதே வேலைதான். இணைப்பான் பத்திருபது வெள்ளிக்குக் கிடைக்கும். பெட்டிகளுக்குச் சில நூறு வெள்ளி, சிலவற்றுக்குப் பல ஆயிரம் வெள்ளி. கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள, எண் எப்படி இசையாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாடகி ஒலிவாங்கி முன் பாடுகிறார். குறுந்தட்டுத் தரத்தில், ஒலிவாங்கியின் மின்னழுத்தம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண், அதாவது 65,536 மட்டங்களில் ஒன்று. (44,100 என்ற விநோத எண்ணுக்குக் காரணம் வீடியோ நாடா. தொடக்கத்தில் மின்னிலக்க ஒலியை அதில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவுகள், 245 வரிகள், வினாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.)

இந்த எண்களைத் திரும்ப மின்னழுத்தமாக மாற்றும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு படம் போடுவார்கள். பாடநூல்களிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான அலை ஒன்று, அதன்மேல் படிக்கட்டு போன்ற கோடு ஒன்று. மின்னிலக்க இசை என்றால் இந்தப் படிக்கட்டுதான், படிகளைப் பொடியாக்கினால்தான் அசல் இசை கிடைக்கும் என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது. பெட்டி விற்பவர்களுக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனால் அது தவறான எண்ணத்தைத் தருகிறது. நல்ல டேக்கிலிருந்து வெளிவரும் கம்பியில் படிக்கட்டு இல்லை.

கணித வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு தாளில் மூன்று புள்ளிகள் வைத்து, அவற்றின் வழியே கோடு வரையச் சொன்னால் ஆயிரம் விதமாக வளைத்து வரையலாம். 'வட்டமாகத்தான் இருக்க வேண்டும்' என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டால்? அந்தப் புள்ளிகள் நேர்க்கோட்டில் இல்லாத வரை, அவை வழியாகச் செல்லும் வட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று புள்ளிகள் போதும், நாலாவது புள்ளி புதிதாக எதையும் சொல்லாது.

ஒலியிலும் அப்படியொரு நிபந்தனை உண்டு. மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்யும்போதே வடிகட்டிவிடுகிறார்கள். வினாடிக்கு 44,100 அளவுகள் இருந்தால், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அலைகளில், அத்தனை புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் அலை ஒன்றே ஒன்றுதான். ஹாரி நைக்விஸ்ட் 1928ல் தந்திச் செய்திகளை ஆராய்ந்தபோது இதன் அடிப்படையைத் தொட்டார். கிளாட் ஷானன் 1949ல் வெளியான கட்டுரையில் கணித நிரூபணத்தோடு எழுதினார்.

10,000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு நான்கு புள்ளிகளுக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். தாளில் அந்தப் புள்ளிகளைக் குறித்தால் கோணல் மாணலாக இருக்கும். ஆனாலும் டேக்கிலிருந்து வருவது வழவழப்பான அலை. படியின் கூர்மையான முனை என்பதே 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளால் ஆனது. டேக்கில் உள்ள வடிகட்டி அவற்றை நீக்கினால் முனையும் மறைந்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அலைகாட்டி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியுமே, அதுதான். சக்கரத்தின் வேகத்துக்குப் போதுமான படங்களைக் கேமரா எடுக்கவில்லை.

சரி, 65,536 மட்டங்களில் மின்னழுத்தத்தை உண்டாக்குவது எப்படி? ஒவ்வொரு பிட்டும் ஒரு நாணயம் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போனால் 16ஆவது நாணயத்தின் மதிப்பு 32,768. வேண்டியவற்றைச் சேர்த்தால் எந்தத் தொகையும் கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெரிய நாணயம் ஓர் அலகு பிசகினாலும் மிகச் சிறிய நாணயத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகும். அவ்வளவு துல்லியமான மின்தடைகளைச் செய்வது கடினம். முதல் குறுந்தட்டுக் கருவியான சோனி சிடிபி-101, 1982 அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது 16 பிட் மாற்றியோடு வந்தது. பிலிப்ஸ் நிறுவனத்திடம் இருந்ததோ 14 பிட் சில்லுதான். அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, மிஞ்சும் பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வுகளுக்குத் தள்ளி, 16 பிட்டுக்கு ஈடான தரத்தை அவர்கள் எட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தந்திரம் இது. இன்றைய சில்லுகளில் பெரும்பாலானவை இதையே இன்னும் தூரம் கொண்டுபோகின்றன: சில மட்டங்கள் மட்டுமே, ஆனால் வினாடிக்குப் பல லட்சம் முறை.

கணினிக்குள் டேக்கைக் கொண்டுபோனதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. சிம் வோங் ஹூ 1981ல் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. பெரும்பாலான கணினிகள் 'பீப்' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த அட்டையின் டேக் 8 பிட்தான், அதாவது 256 மட்டங்கள். மட்டங்கள் குறைந்தால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். ஒவ்வொரு பிட்டும் அந்த இரைச்சலை ஏறத்தாழ 6 டெசிபல் இறக்குகிறது. 8 பிட்டுக்கு 48, 16 பிட்டுக்கு 96.

இப்போது பெட்டிகளின்மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 24 பிட் என்றால் கணக்குப்படி 144 டெசிபல். மின்தடைக்குள் வெப்பத்தால் துடிக்கும் எலக்ட்ரான்களின் இரைச்சலே அந்த அளவை எட்ட விடாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் பயனுள்ளது. பாடகர் திடீரெனக் குரலை உயர்த்தினாலும் பதிவு கெடாதபடி மேலே இடம் விட்டுப் பதியலாம். கேட்பவருக்கு?

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்றை நேராகவும், அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாக மாற்றியும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்பவர்களிடம் சொல்லச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும். வழக்கத்துக்கு மீறி ஒலியைக் கூட்டி, பாட்டு இல்லாத இடத்தில் கேட்டபோது மட்டும் இரைச்சல் வித்தியாசம் தெரிந்தது.

அதற்காகப் பெட்டி வீண் என்று சொல்லிவிட முடியாது. சில மடிக்கணினிகளில் இயர்ஃபோனைச் செருகினால் உள்ளேயிருக்கும் மின்சுற்றுகளின் கீச்சொலி கேட்கும். டேக்கை வெளியே கொண்டுவந்தால் அது பெரும்பாலும் மறையும். ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ள 250, 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. குட்டி இணைப்பானால் அதைத் தர முடியாமல் பாட்டு மெலிதாகக் கேட்கலாம். பெட்டியில் உள்ள பெருக்கி அதைத் தரும். இத்தகைய குறை எதுவும் இல்லாதவர், அதே பணத்தில் நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இரண்டு டேக்குகளை ஒப்பிடுவதாக இருந்தால், ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். எது ஒலிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் நண்பர் மாற்ற வேண்டும்.

புளூடூத் பயன்படுத்துபவர்கள் பெட்டியைத் தேடவே வேண்டாம். டேக் காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. எண்கள் காற்றில் பறந்து நேராக அங்கே போய்விடும்.

உங்களிடம் இருக்கும் இணைப்பான் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, அதை மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளையில் செருகுங்கள். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் புதிதாக ஒரு கருவியின் பெயர் தோன்றினால் உள்ளே டேக் இருக்கிறது. பட்டியல் அப்படியே இருந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கம்பி மட்டும்தான்.