கம்பளிக்கு வீட்டிலேயே சாயம் போடுவோம்

மழையில் நனைந்த கம்பளித் தொப்பியிலிருந்து சாயம் வடிந்து, பிள்ளையின் கழுத்தெல்லாம் நிறமாகிவிடுகிறது என்று தாய்மார் பலர் எம்மிடம் சொல்வதுண்டு. ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் கம்பளி இல்லாமலும் முடியாது. சாயம் நிற்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் அது உண்மைக் கம்பளிதானா என்று பாருங்கள். கடையில் 'கம்பளி' என்று விற்பதில் பெரும்பகுதி செயற்கை நூல். வீட்டுச் சாயம் அதில் பிடிக்காது, காசு வீண். சின்னத் துண்டொன்றைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் வாசம் வந்து, சாம்பல் கையில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கட்டியானால் செயற்கை.

நமது பக்கத்து ஆடுகளில் கம்பளி கிடைக்காது. 1964 ஒப்பந்தத்தின் பின் நம்மவர்கள் பலர் போய்க் குடியேறிய நீலகிரியில் கம்பளி ஆடு உண்டு. அங்கிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் நூற்காத கம்பளியானாலும், கடை நூலானாலும் முறை ஒன்றுதான்.

100 கிராம் கம்பளிக்குச் செய்முறை:

1. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள்.

2. 10 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, கம்பளி மூழ்குமளவு தண்ணீர் சேர்த்து ஆறவிடுங்கள். கம்பளியைப் போட்டு, மெல்ல மெல்லச் சூடாக்கி, ஒரு மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். கொதிக்கக் கூடாது. சாயத்தைப் பிடித்து வைப்பது இந்தப் படிகாரந்தான்.

3. 100 கிராம் வெங்காயத் தோலைத் தனியாக ஒரு மணி நேரம் அவித்து வடித்து ஆறவிடுங்கள். மஞ்சளும் செம்மஞ்சளும் வரும். தேயிலைத் தூள் என்றால் கபில நிறம். இதற்குப் படிகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பலாமரத் தூள் மஞ்சள் தரும். பிக்குமாரின் காவிக்கு அந்தக் காலத்தில் போட்டது இதுதான்.

4. கம்பளியைச் சாயத்தில் போட்டு, முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்து, பானையிலேயே ஆறவிடுங்கள். பிறகு அலசி, நிழலில் காய வையுங்கள்.

கிண்டாதீங்க, கசக்காதீங்க, சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீரில் போட்டுடாதீங்க. கம்பளி இறுகிவிடும், பிறகு தக்கிளியில் நூற்க வராது.

சமையல் மஞ்சள் பார்க்க அழகு. வெயில் பட்டால் வெளுத்துவிடும். சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாயம் நிற்கும் என்று சொல்லி யாராவது துரிசு தந்தால் வாங்காதீர்கள், அது விஷம். மருந்து டின்களில் சாயம் காய்ச்சுவதும் ஆபத்து. சாயப் பானையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். படிகாரத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அடுப்பை லயத்துக்கு வெளியே மூட்டுங்கள். புகை உள்ளே வேண்டாம்.

முதலில் ஒரு பிடி கம்பளியில் செய்து, கழுவிப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் தைரியமாகப் பிள்ளைக்குப் பின்னலாம்.