பழைய சன்னலால் ஒரு நாற்றுக்கூடு

இங்கிலாந்தின் பல பகுதிகளில் மே மாதத்திலும் இரவில் உறைபனி விழக்கூடும் என்பதால், தக்காளி, கத்தரி முதலிய நாற்றுகளை அதுவரை காப்பதற்குத் தோட்டக்காரர்கள் 'கோல்ட் ஃபிரேம்' என்னும் பெட்டியைப் பயன்படுத்துகின்றனர். அடிப்பலகை இல்லாமல் மண்மீது நேரே அமரும் நான்கு சுவர்களும், ஒளி புகும் சாய்ந்த மூடியும் சேர்ந்ததே இது. மின்சாரமோ எரிபொருளோ இதற்குத் தேவையில்லை. மூடிவழியே நுழையும் வெயிலால் மண் சூடேற, அதனால் வெப்பமடையும் காற்று மேலெழுந்து கலைந்துபோகாதபடி கண்ணாடி தடுக்கிறது. மண்ணில் சேர்ந்த வெப்பம் இரவில் மெல்ல வெளிப்பட்டு நாற்றுகளைக் காக்கிறது. ரோமப் பேரரசர் டைபீரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரி கிடைப்பதற்காகச் சக்கரம் பொருத்திய பாத்திகள் குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளின் கீழ் வைக்கப்பட்டதை ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதால், இந்த அறிவு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம்.

வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்தும்போது கழற்றி எறியப்படும் மரச்சன்னல்களே இதற்கு மிகச் சிறந்த மூடிகள். பெட்டியைச் செய்துவிட்டு அதற்கேற்ற சன்னலைத் தேடுவது வீண் அலைச்சலாகும். கிடைத்த சன்னலின் அளவுக்கே பெட்டியை அமைக்க வேண்டும். பின்சுவர் ஏறத்தாழ 45 செ.மீ., முன்சுவர் 30 செ.மீ. உயரம் இருந்து, முன்பக்கம் தெற்கு நோக்கினால், தாழ்வான குளிர்காலக் கதிரவனின் ஒளி நன்கு விழுவதோடு மழைநீரும் வழிந்தோடும். சுவருக்குப் பழைய செங்கல்லைச் சாந்தின்றி அடுக்கினாலும் போதும். சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளின் பலகைகளைப் பயன்படுத்துவோர், அவற்றில் வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறிக்கும் 'எச்.டி.' முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தப்பட்ட மரமாகையால் அதைத் தவிர்த்துவிட வேண்டும். பழைய சன்னல் வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே அதை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. தார் எண்ணெய் ஊறிய இரயில் கட்டைகளும் உணவுப்பயிருக்கு ஆகாதவை.

பெட்டியைச் செய்வதைவிட அதன் மூடியைக் கையாள்வதிலேதான் கூடுதல் கவனம் தேவை. வெளியே குளிர் நிலவும் நாளிலும், வெயிலடித்தால் உள்ளே நாற்றுகள் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறிவிடும். ஆதலால் காலையில் ஒரு கட்டையைக் கொடுத்து மூடியைச் சற்றே உயர்த்தி, பொழுது சாயுமுன் வெப்பம் வெளியேறாதபடி மூட வேண்டும். நடவுக்கு முந்தைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை திறந்திருக்கும் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டி, இறுதியில் இரவிலும் திறந்தே வைத்துப் பழக்கிய நாற்றுகளே வெளிநிலத்தின் காற்றையும் குளிரையும் தாங்கி வேர்பிடிக்கும்.