வீட்டுக்குள் ஒரு ஜன்னல்

ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியும், தோட்டம் தெரியும். ஜன்னலைத் திறந்ததும் பக்கத்து அறை தெரிந்தால்? அப்படியொரு வீடு அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் இருக்கிறது.

ஆர்ச்சர்ட் தெரு, 97ஆம் எண். 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு. ஜெர்மனி, அயர்லாந்து, ரஷ்யா, இத்தாலி என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1935 வரை சுமார் 7000 பேர்! அதன்பின் மாடி வீடுகள் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. 1988இல் தொடங்கிய டெனமென்ட் மியூசியம் அவற்றை இன்று நமக்குத் திறந்து காட்டுகிறது. ராஜாவின் கிரீடமோ வாளோ இங்கே இல்லை. அடுப்பு, கட்டில், தையல் மெஷின்தான் காட்சிப் பொருள்கள்.

ஒரு வீட்டின் மொத்தப் பரப்பே சுமார் 325 சதுர அடி. அதற்குள் மூன்று அறைகள். முன்னறைக்கு மட்டும்தான் வெளிப்பக்க ஜன்னல். நடுவில் இருந்த சமையலறையும் அதற்கடுத்த படுக்கையறையும் பகலிலேயே இருட்டாக இருக்கும். சமையலறையில் நிலக்கரி அடுப்பு. 1890களில் இங்கிருந்த லெவின் குடும்பம் வீட்டிலேயே துணி தைத்துப் பிழைத்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கவும் அதே அடுப்புதான். கோடையில் உள்ளே எப்படி வெந்திருக்கும்!

வெக்கையைவிடப் பெரிய ஆபத்து காசநோய். அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது கிருமிகள் மிக நுண்ணிய துளிகளில் வெளியே வந்து காற்றில் மிதக்கும். காற்றோட்டம் இருந்தால் அவை கலைந்து வெளியேறும். அடைத்த அறையிலோ மணிக்கணக்கில் அங்கேயே சுற்றும். அதே காற்றைத்தான் வீட்டிலுள்ள எல்லோரும் சுவாசிப்பார்கள். இந்தக் கட்டடத்தில் வாழ்ந்த ரோகார்ஷெவ்ஸ்கி குடும்பத்தின் தந்தை 1918இல் காசநோயால் இறந்துபோனார்.

1901இல் நியூயார்க்கில் ஒரு சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் இருட்டறைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்க வழி செய்யவேண்டும் என்றது. அறைகளுக்கு நடுவே சுவரில் ஜன்னல் வைத்தது இதற்காகத்தான். முன்னறை வெளிச்சம் அதன் வழியே உள்ளே எட்டிப் பார்த்தது. ஆனால் காற்று நன்றாக ஓட, வர ஒரு வழி, போக ஒரு வழி என இரண்டு வேண்டும். அந்த அளவில் இது அரை மருந்துதான். அதே சட்டத்தால், கொல்லைப்புறத்தில் இருந்த கழிப்பறைகள் கட்டடத்துக்குள்ளேயே மாடிக்கு மாடி வந்தன.

உங்கள் வீட்டில் காற்று எப்படி ஓடுகிறது? மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். முதலில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து புகை போகும் திசையைப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து பாருங்கள். இரண்டையும் நோட்டில் படமாக வரையுங்கள். மற்ற அறைகளிலும் இப்படியே செய்து பாருங்கள். எந்த அறையில் புகை அப்படியே தேங்கி நிற்கிறதோ, அந்த அறை ஜன்னலைத் தினமும் திறந்து வைப்பது இனி உங்கள் வேலை!